கெட்டிமேளத்துக்கு எழுந்துபோன அண்ணன்

1

நைனாவின் திதி இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் என் அண்ணன் ஏகாம்பரம் தலைக்குக் குளித்து, ஐயரை வைத்து எள்ளும் தண்ணீரும் விட்டு, மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்து முடித்ததும், "மணிக்குப் போனப் போடு" என்று அண்ணியை நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார். மணி நான்தான். ஜெர்மனியில் எனக்கு அது வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

நானும் என் பங்குக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் எள்ளைப் போட்டுக் குளியலறைத் தொட்டியில் ஊற்றுவேன். காக்கைக்குத்தான் வழியில்லை. இங்கே காக்கைகள் இல்லாமல் இல்லை, நம்மூர்க் காக்கையைவிடக் கொழுத்தே இருக்கின்றன. ஆனால் போன வருஷம் பால்கனிக் கைப்பிடியில் ஒரு கவளம் சோறு வைத்ததற்கு வீட்டு நிர்வாகத்திடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. பறவைக்கு உணவு வைப்பது வாடகை ஒப்பந்தத்துக்கு விரோதமாம், எலித்தொல்லை வருமாம். எலியைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறார்களே என்று சத்தம் போட்டுச் சிரித்தேன். கூடச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

திதியன்று அண்ணன் போனில் சொல்வது வருஷா வருஷம் ஒன்றேதான்.

"நைனாவுக்கு உன் பேரச் சொல்லி நானே ஒரு பிடி வாய்க்கரிசி போட்டேன்டா மணி. நீ மனசுல வச்சிக்கினு அழாத. உன் மேல இன்னா தப்பு? அந்த ஆபிஸ்காரனுங்க பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சிக்கினு குடுக்கல. நீ இன்னா பண்ணுவே, பாவம்."

நைனா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமும் இந்தப் 'பாவம்' என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் அன்றைக்கு எந்த ஆபிஸிலும் இல்லை. என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

2

எலி என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

நான் மூளை ஆராய்ச்சி செய்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் கிளப்பிவிட்டது. உண்மை அவ்வளவு பெரிதில்லை. ஏனாத்தூர்க் காலேஜுக்குப் பஸ்ஸில் போய் விலங்கியல் படித்தேன், யாரோ ஒருவர் சொல்லி யாரோ ஒருவர் கடிதம் கொடுத்து இங்கே ஓர் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன், அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு. நான் எலியைப் பெட்டிக்குள் விடுகிறவன், நேரம் குறிக்கிறவன், கூண்டைக் கழுவுகிறவன்.

மூளைக்குள், இரண்டு காதுக்கும் உட்புறமாக, கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்பதையெல்லாம் கோத்து வைப்பது அது. எங்கள் ஆய்வகத்தில் சில எலிகளுக்கு அந்த இடத்தைச் சேதப்படுத்தியிருப்பார்கள். அவற்றை 'ஆபரேஷன் ஆனவை' என்போம். மற்றவை முழு எலிகள். இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுப் பார்ப்பதுதான் வேலை.

பெட்டியில் இரண்டு அறை. ஒன்றில் வெளிச்சம், ஒன்றில் இருட்டு. எலிக்கு இருட்டுத்தானே பிடிக்கும், நேரே உள்ளே போகும். போனதும் தரைக் கம்பியில் லேசாக ஒரு மின்சார அதிர்ச்சி. மறுநாள் அதே எலியை வெளிச்ச அறையில் விட்டால், முழு எலி வாசலில் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும், உள்ளே போகாது. ஆபரேஷன் ஆனது பெரும்பாலும் நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி உள்ளே போகும். ஐயோ பாவம் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நானும் முதல் வருஷம் சொன்னேன்.

இன்னொரு பெட்டியில் கதை தலைகீழ். அதில் மணி அடிக்கும், அடித்ததும் மறு பக்கம் ஓடிவிட்டால் அதிர்ச்சி இல்லை. அங்கே மணி அடித்தால் இந்தப் பக்கம் திரும்பி ஓடிவர வேண்டும். இதை முழு எலியைவிட ஆபரேஷன் ஆன எலி சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. காரணம் எளிதுதான். முழு எலிக்குத் தான் அடிபட்ட இடம் நினைவிருக்கிறது, அங்கேயே திரும்பிப் போகத் தயங்குகிறது. ஆபரேஷன் ஆனதுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மணி அடித்தால் ஓட வேண்டும் என்று மட்டும் அது கற்றுக்கொண்டுவிடுகிறது.

அதாவது இடம் மறந்துபோகும், மணிச்சத்தம் மறக்காது. சத்தத்துக்கான பயம் உட்காருகிற இடம் வேறு. கடல்குதிரைக்குப் பக்கத்திலேயே பாதாம்பருப்பு அளவில் இருக்கிறது, ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை. இருபது வருஷமாகத் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

3

நைனா இறந்த செய்தி வந்தபோது முதலில் நான் உண்மையாகத்தான் பேசினேன். "வரேண்ணா, எடுத்துடாதீங்க" என்றேன். அண்ணன் ஐஸ் பெட்டி வரவழைத்து நைனாவை அதில் வைத்தார்.

போனை வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். அப்போது ஆபரேஷன் ஆன எலிகள் ஒரு தொகுதி என் கையில் இருந்தது. பத்து நாள் பயிற்சியில் நான்காம் நாள். ஒரு நாள் விட்டாலும் மொத்தமும் வீண், வேறு யாருக்கும் அந்தப் பயிற்சி கைவராது. எங்கள் பேராசிரியை நல்ல மனுஷி. "போய் வா, இவற்றை விட்டுவிடுவோம், பிறகு புதிதாகத் தொடங்கலாம்" என்றார். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. நானேதான் நின்றேன். என் வேலை அப்போது தற்காலிகம், நிரந்தரமாக்குகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதற்கு இந்தத் தொகுதி உதவும் என்று ஒரு கணக்கு. மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் வெளிநாட்டினர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது என்றேன்.

அவர் நம்பினார் என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதை வாங்கித் தர முயற்சி வேறு பண்ணினார். யாரோ கவுன்சிலரைப் பிடித்து, அவர் மூலமாக டெல்லியில் யாருக்கோ பேசச் சொல்லி, "இன்னிக்கு குடுத்துடுவானுங்க, பையன் வந்துடுவான்" என்று சொந்தக்காரர்களிடம் மல்லுக்கு நின்று, இரண்டு நாள் நைனாவை எனக்காக வைத்திருந்தார். மூன்றாம் நாள் எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது தனக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி என்று அவரே போட்டார்.

அந்தத் தொகுதி கடைசியில் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. வேலை மட்டும் நிரந்தரமானது.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. வெளிச்ச அறையில் நின்று வாசலில் மூக்கை நீட்டுகிற முழு எலியைப் பார்க்கும்போதெல்லாம், உன்னை எனக்குத் தெரியும்டா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

4

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பத்து நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். அப்போதும் நான் போகவில்லை. அப்போதும் ஒரு காரணம் சொன்னேன், அது பாதி உண்மை. டாக்டர் எழுதியதையெல்லாம் அண்ணி படம் எடுத்து அனுப்பினார். ஸ்கேன் படத்தில் இரண்டு பக்கமும் அந்த வளைந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. ஆய்வக மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது என் வாயில் முதலில் வந்த சொல் 'ஆபரேஷன் ஆனது' என்பதுதான். பெற்ற அப்பனுக்கு அடுத்தபடியாக என்னைத் தூக்கி வளர்த்தவரைப் பற்றி எனக்கு வந்த சொல்லைப் பாருங்கள்.

காய்ச்சலுக்கு முன்னால் நடந்ததில் கடைசி ஓரிரு வருஷம் போக மற்றதெல்லாம் அண்ணனுக்கு நினைவிருக்கிறது. நைனா, ஐஸ் பெட்டி, பாஸ்போர்ட், எல்லாம். புதிதாக எதுவும் நிற்பதில்லை. அரை மணி தாண்டினால் காலி. ஆனால் அவர் தொழில் நெசவு, தறியில் உட்கார்ந்தால் கை அது பாட்டுக்கு ஓடுகிறது. காலையில் தறிக்கு வந்து, முந்தின நாள் தானே பாதி நெய்த சேலையைப் பார்த்து, "யாரும்மா நெய்தது? கை சுத்தமா இருக்குது" என்று அண்ணியைக் கேட்பாராம். அண்ணி சுலோச்சனாவுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் சலிக்கவில்லை. "ஒரு நல்ல ஆளுதான்" என்பாராம்.

நான் வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுவேன். யார் பேசுகிறார்கள் என்று திணறாமல் இருக்கட்டும் என்று அண்ணி என் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு சத்தம் வைத்தார். கல்யாணக் கெட்டிமேளம். நாதஸ்வரமும் தவிலும் விடாமல் கொட்டும். ஒரு வருஷத்தில் அது அவருக்குப் பழகிவிட்டது. மேளம் கேட்டால் போதும், "மணிடா!" என்று பாய்ந்து வருவாராம். எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது.

என் மகள் மீரா வேறு நகரத்தில் படிக்கிறாள். அவள் அம்மாவும் நானும் பிரிந்து நாளாகிறது. மீராவிடம் மிச்சமிருக்கிற தமிழ் ஒரே ஒரு வாக்கியம், "பெரியப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பது. அதையும் உச்சரிக்கும்போது தெருவில் வழி கேட்கிற வெள்ளைக்காரி மாதிரி இருக்கும். ஆனால் என் அண்ணனுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறை. "அடி கண்ணு, தமிழ் பேசறாடா!" என்று பூரித்துப்போவார். அவள் தமிழுக்கு அவரும் அவர் மறதிக்கு அவளும் என்று இரண்டு பேருக்கும் பொருத்தமாகத்தான் அமைந்தது.

5

இந்த வருஷத் திதியன்றும் அண்ணன் அதே வாய்க்கரிசியைச் சொன்னார், அதே 'பாவம்' சொன்னார். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சொல்வேன், திட்டுவார், பிறகு மனம் இளகி "சரி விடுடா" என்பார். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். அவருக்கோ அரை மணியில் எல்லாம் மறந்துவிடும், நஷ்டம் ஒன்றும் இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இப்படித்தான் போட்டேன்.

அடுத்த வாரம் அண்ணி கடைக்குப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சொன்னேன்.

 "ரெண்டு நாளு ஐஸ் பெட்டில கெடந்தாருடா" என்றார் அண்ணன். "உனக்கோசரம் கெடந்தாருடா. மூஞ்சில தண்ணி முத்து முத்தா நிக்கும், நான் தொடச்சிக்கினே இருந்தேன்."  விசும்பிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

மறுவாரம் கூப்பிட்டபோது எடுத்ததுமே, "மணிடா! எப்டி இருக்கே? அங்க குளுராமே?" என்றார். எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குள் ஓர் ஆறுதலும் வந்தது, கூடவே ஓர் ஆசையும் வந்தது. போன முறை பாதியில் வைத்துவிட்டார், அந்தச் சொல் வரவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமே.

சொன்னேன். அந்த முறை கோபம். "சீ, மனுசனாடா நீ? எலி பெருசாப் போச்சு, பெத்தவன் சிறுசாப் பூட்டான்" என்று கத்தினார். தறி மேடையில் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது முறையும் சொன்னேன். ஆமாம், மூன்றாவது முறையும். அப்போது கத்தவில்லை, அழவில்லை. "நைனாவுக்குத் தெரிஞ்சிருக்குமாடா?" என்று மட்டும் கேட்டார்.  நானே போனை வைத்துவிட்டேன்.

'விடுடா' என்ற சொல் மூன்று முறையும் வரவில்லை.

6

நான்காவது வாரம் மேளம் அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டதற்கு அண்ணி எடுத்தார்.

"உங்கண்ணன் வரமாட்டேங்கறாரு தம்பி. போன் அடிச்சதும் எழுந்து மாடிக்குப் போயிட்டாரு. ஏன்னு கேட்டா தெரிலங்கறாரு. ஒடம்பு சரியில்லாம இருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நம்புங்கள், அப்போதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணியே கூப்பிட்டார்.  எங்கள் சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணம், மாகறல் போகிற வழியில் ஒரு மண்டபம். மாப்பிள்ளைக்கு அண்ணன் பெரியப்பா முறை, மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு மரியாதையாக உட்காரவைத்திருக்கிறார்கள். அண்ணனும் புது வேட்டியில் சிரித்த முகமாக, கையில் அட்சதையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயர் கையக் காட்டி கெட்டிமேளம் கெட்டிமேளம்னாரு. மேளம் கொட்டிச்சு பாருங்க தம்பி, இவரு அட்சதய அப்டியே கீழ போட்டுட்டு எழுந்தாரு. தாலி கட்டிக்கினு இருக்கான் பையன், இவரு கூட்டத்தத் தள்ளிக்கினு வெளிய ஓடறாரு. பின்னாலயே ஓடிப்போய்ப் பாக்கறேன், செருப்பு வைக்கற எடத்துல செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கறாரு, மூஞ்சியெல்லாம் வேர்வ. 'இன்னாங்க, இன்னா பண்ணுது?'ன்னேன். 'தெரிலம்மா, பயமா இருக்குது, ஊட்டுக்குப் போலாம்'ங்கறாரு. பொண்ணு ஊட்டுக்காரங்க விடுவாங்களா? தாலி ஏறற நேரத்துல பெரியவரு எழுந்து ஓடினா என்னா அர்த்தம்னு ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. எனக்கு உசுரே போயிடிச்சு."

ஆய்வகத்தின் நடைபாதையில் நின்று அதைக் கேட்டேன். என் கையில் சுத்தம் பண்ண எடுத்த கூண்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

சத்தம். மூன்று முறை மேளம் அடித்தது, மூன்று முறையும் அதன் பின்னால் அடி விழுந்தது. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்பது அவருக்கு நிற்கவில்லை. பயம் மட்டும் நின்றுவிட்டது. இருட்டறைப் பெட்டியை நினைத்துக் கணக்குப் போட்டவன், மணியடிக்கிற பெட்டியை மறந்துபோனேன். இருபது வருஷம் நான் பார்த்த பாதிப் பாடம் எனக்கே மறந்துபோனது. என் மூளையில் ஒரு குறையும் இல்லை.

காஞ்சிபுரத்தில் மேளம் கேட்காமல் ஒரு மனிதர் எங்கே போவார்? கோயில் மேளம், கல்யாண மேளம், காதுகுத்து மேளம், வாசலில் சாமி வந்தால் மேளம். என் அண்ணனுக்கு ஊரையே பகையாக்கி வைத்துவிட்டேன்.

7

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போர்ட், எலி, மூன்று போன், கடைக்குப் போகிற நேரம் பார்த்தது உட்பட.

அண்ணி என்மேல் சாதாரணமாகக் கோபப்படுகிறவர் இல்லை. நான் காலேஜ் போகும்போது டிபன் கட்டிக் கொடுத்தவர்.

"ஒரு நாளு அழுதுக்கினு இருந்தாரு" என்றார் மெதுவாக. "கடையிலேர்ந்து வந்து ஏன் அழறீங்கன்னேன். 'தெரிலம்மா, கண்ணுல தண்ணி வருது'ன்னாரு. தூசு விழுந்திருக்கும்னு நான் ஊதிவிட்டேன் தம்பி."

பிறகு அவர் குரல் ஏறியது.

"உங்க பாரத்த எறக்கி வைக்க எம் புருசன் தலதான் கெடச்சுதா? ஒரு தடவ சொன்னா சரி, தெரியாம சொல்லிட்டீங்கன்னு வச்சிக்கலாம். மூணு தடவ! நீங்க அங்க எலிய வச்சிக்கினு இன்னா வேணா பண்ணுங்க. எங்க ஊட்ல இருக்கறது மனுசன்."

"நேர்ல வந்து கால்ல விழறேன் அண்ணி" என்றேன்.

"வாங்க. எப்ப வர்றீங்க?"

இங்கேதான் என் தலையெழுத்து சிரித்தது. இந்த முறை என் பாஸ்போர்ட் உண்மையாகவே அலுவலகத்தில் இருக்கிறது. புதுப்பிக்கக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு சான்றிதழில் என் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கிறதாம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் அது என் இறந்துபோன அப்பா என்று விளக்கப் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மன் காலைவாரி, நான் இறந்துபோனேன் என்கிற மாதிரி சொல்லித் தொலைத்தேன். அவள் சிரிக்காமல் இன்னொரு படிவம் கொடுத்தாள்.

"பாஸ்போர்ட் ஆபிஸ்ல இருக்குது அண்ணி" என்றேன்.

அண்ணி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கேட்டதில்லை. "இருக்கும் தம்பி, இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

8

மறுநாள் அண்ணியே சமாதானமாகிக் கூப்பிட்டார். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். "அந்த மேளத்த மாத்தி வேற சத்தம் வச்சிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். போனில் மாற்றிவிடலாம், கோயிலில் யார் மாற்றுவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அதுவும் அந்தப் பெட்டியில் கற்றதுதான். மணி அடிக்க வேண்டும், அடி விழக்கூடாது. மறுபடி அடிக்க வேண்டும், மறுபடியும் விழக்கூடாது. நாள்கணக்கில் பொறுமையாகச் செய்தால் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். சில எலிகளுக்குத் தணிவதில்லை. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்குக் கூப்பிட்டேன். அங்கே பகல் பன்னிரண்டு. மேளம் அடிக்கும், அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தறி ஓரத்தில் வைப்பார். நான் வெறும் பேச்சுப் பேசுவேன். இன்றைக்கு மழை, பஸ் பத்து நிமிஷம் தாமதம், சாம்பாருக்கு முருங்கைக்காய் கிடைத்தது. முதல் வாரம் அண்ணன் மாடிப்படியில் ஏறுகிற சத்தம்தான் எனக்குப் பதில். இரண்டாவது வாரம் படியிலேயே நின்றுவிடுகிறார் என்று அண்ணி சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீரா வந்திருந்தாள். அவளுடைய வாக்கியத்தைச் சொன்னாள். தூரத்திலிருந்து, "யாரு, பாப்பாவா?" என்று ஒரு குரல் வந்தது. அதற்கே எனக்கு அன்றைக்கு நல்ல நாளாக இருந்தது. சாயங்காலம் அவள் ரயிலேறிப் போனதும் வீடு மறுபடி பழையபடி ஆனது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மேளம் முடிவதற்குள் போன் எடுக்கப்பட்டது. அண்ணி இல்லை.

"மணியாடா?"

"நான்தாண்ணா. சாப்ட்டீங்களா?"

"அது கெடக்குது. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு." மூச்சு வாங்கியது. "இந்த மேளம் வந்தா நான் எழுந்து ஓடறேன்னு உங்கண்ணி சொல்றா, இப்பவும் ஓடணும்னுதான் இருக்குது. நீதான் பேசறேன்னு தெரியுது. கூடப் பொறந்தவன் நீ, உங்கிட்ட எனக்கு ஏன்டா பயம்? நானே யோசிச்சுப் பாத்துட்டேன். நான் உனக்கு ஏதோ துரோகம் பண்ணியிருக்கேன். அதான் உன் கொரலக் கேக்கப் பயந்துக்கினு கெடக்கறேன். எனக்குத்தான் ஒண்ணும் நிக்கறதில்லியே. இன்னாடா பண்ணேன் உனக்கு?"

"ஐயோ, நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா பண்ணலண்ணா."

"பண்ணாமயா இப்டி நடுங்குது? நீ நல்லவன், சொல்லமாட்டே." அவர் அழத் தொடங்கிவிட்டார். "இன்னா பண்ணியிருந்தாலும் என்ன மன்னிச்சுடுறா மணி. பெரியவன் கேக்கறேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுடா."

நான் கேட்டுக் கிடைக்காத அதே வார்த்தை. உண்மையைச் சொன்னால் அது நான்காவது அடி. நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்று இன்னும் எத்தனை முறை சொன்னாலும் அவர் நடுக்கம் அதை நம்பப்போவதில்லை. பக்கத்தில் அண்ணி வந்து நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. 

"மன்னிச்சுட்டேண்ணா" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாண்ணா. மனசுல ஒண்ணும் இல்ல."

"அப்பாடா" என்றார். அத்தனை நீளமான மூச்சை நான் கேட்டதில்லை. பிறகு சிரித்தார். "சரி, நீ சாப்ட்டியா?"

மன்னிப்புக் கிடைத்த நினைவும் அவருக்கு அரை மணிதான் நிற்கும். மறுநாள் பன்னிரண்டுக்கு மேளம் கேட்டு எடுத்தார், மறுபடி மன்னிப்புக் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். நடுக்கம் குறைந்திருக்கிறது என்று அண்ணி சொல்கிறார், ஆனால் கேட்காமல் இருப்பதில்லை. இன்று காலையும் என் அண்ணனை மன்னித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.